பெய்யாத மழையின் அளவு

ஓவன் ரோடு, சிங்கப்பூர்
18 நவம்பர் 2025

அன்பு மகன் கீதனுக்கு,

லீலா உனக்குத் தொலைபேசியில் சொன்னது தவறு. நான் மழைமானிக்குள் தண்ணீர் ஊற்றவில்லை. போன சனிக்கிழமை தெம்பனிஸிலிருந்து முறுக்கு கொண்டுவந்தவள், நான் பின்முற்றத்தில் குவளையோடு நின்றதைப் பார்த்திருக்கிறாள். அளந்து முடித்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். கொட்டுவதற்கும் ஊற்றுவதற்கும் வித்தியாசம் தெரியாதவள் என்னோடு கான்வென்ட்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் எப்படித் தேறினாள் என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

மழையைப் பற்றிய உன் புத்தகத்துக்காக இம்மாதம் 1 முதல் 17 வரையிலான அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அப்பா நாற்பத்தொரு வருடம் செய்ததை, அவர் போன இந்த எட்டு வருடமும் ஒரு நாள் தவறாமல் நான் செய்து வருகிறேன். தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடிப்பேன், ரப்பரால் அழிப்பதில்லை.

குறிப்புப் பகுதியைக் கவனமாகப் படி. பல நாட்களில் மழை பெய்யவில்லை, ஆனால் காலையில் மழைமானியின் போத்தலில் தண்ணீர் இருந்தது. 12ஆம் தேதி பக்கத்து வீட்டு அனம் இரவெல்லாம் துணியை வெளியிலேயே விட்டுவிட்டாள். காலையில் துணி மொறமொறவென்று காய்ந்திருந்தது. என் மழைமானியில் 31.2 மில்லிமீட்டர். கண்டதைத்தான் எழுதியிருக்கிறேன். விளக்கம் சொல்வது உன் வேலை.

ஜூலையில் நீ எடுத்துப்போன பூட்டனின் மழைப் பதிவேட்டைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள். அப்பா அதை யாரையும் தொட விட்டதில்லை, நானும் திறந்ததில்லை. அது குடும்பச் சொத்து.

அன்புடன்,
அம்மா

---

லீட்ஸ்
26 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்கு முறை அழைத்தேன், நீங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் கணக்கில் 12ஆம் தேதி 31.2 மில்லிமீட்டர். பூட்டன் பேராக் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது எழுதிய பதிவேட்டில், 1926 நவம்பர் 13ஆம் தேதி 1.23 அங்குலம். மாற்றிப் பார்த்தால் 31.2. உங்கள் 15ஆம் தேதி 11.9, அவருடைய 16ஆம் தேதி 0.47 அங்குலம். அதுவும் சரியாக 11.9. பதினேழு நாளும் இப்படித்தான் அம்மா. ஒரு நாள் மட்டும் முன்னே நகர்த்தியிருக்கிறீர்கள். நகர்த்தினால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தீர்களா?

உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. முற்றத்துப் படியில் காலையில் இறங்குவது சிரமமாக இருக்கலாம், கண்ணும் மங்கியிருக்கலாம். பழைய பதிவேட்டின் நகல் ஏதோ உங்களிடம் இருந்திருக்கிறது. ஆனால் இந்தப் பதினேழு நாள் வெளியே தெரிந்தால், அப்பாவின் நாற்பத்தொரு வருடத்தையும் எவரும் நம்ப மாட்டார்கள். நம் வீட்டுப் பதிவை முழுவதுமாகப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

சில மாதம் லீலா ஆண்டியோடு தெம்பனிஸில் இருங்கள். தனியாக இருந்தது போதும்.

அன்புடன்,
கீதன்

---

ஓவன் ரோடு
10 டிசம்பர் 2025

கீதனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க. இல்லை. அந்த அளவுக்கு உன்னை வளர்த்திருக்கிறேன்.

பஞ்சத்தால் அரசுகள் சரிந்தன என்று எழுதுகிறாய். 1876இல் மழை பொய்த்ததால்தான் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கப்பல் ஏறினார்கள் என்று எழுதுகிறாய். மனிதர் எடுத்ததாக நாம் நினைக்கும் முடிவுகளில் பாதி மழை எடுத்தவை என்பது உன் முதல் அத்தியாயத்தின் முதல் வரி. இவ்வளவையும் எங்கோ யாரோ எழுதிவைத்த தாள்களை நம்பித்தான் எழுதினாய். பெற்ற தாய் எழுதிய தாளை மட்டும் நம்ப முடியவில்லை.

ஒரு நாள் நகர்த்தினேன் என்கிறாய். அதற்குப் பதில் எழுத மாட்டேன். பத்து வயதில் நீ அப்பாவின் பக்கத்தில் நின்று கற்றது உனக்குத் தானாக நினைவுக்கு வரும்வரை காத்திருக்கிறேன்.

மற்றதற்குச் சாட்சி வைத்திருக்கிறேன். அனத்தின் கணவர் அதீஃப் பாலிடெக்னிக்கில் வேதியியல் கற்பிப்பவர். 3ஆம் தேதி மாலையே மழைமானிக்கும் பின்முற்றத்துக் கதவுக்கும் தன் பூட்டுகளைப் போட்டு, சாவிகளைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 4ஆம் தேதி முதல் ஏழு காலையும் அவரே அளந்தார். முதல் நாள் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"ஆண்டி, நேத்து வானம் பளிச்சுன்னு இருந்துச்சுலா. என்னத்த அளக்கப் போறேன்?"

"திறந்து பாருங்கள்," என்றேன்.

திறந்தார். இரண்டு முறை அளந்துவிட்டு எழுதினார். மூன்றாம் நாள் மெல்லக் கேட்டார்: "இந்தத் தண்ணி ஏன் ஆண்டி செங்காவியா இருக்கு? சிங்கப்பூர் மழை இப்படி இருக்காதே."

அவருடைய ஏழு அளவுகளும் அவர் கையெழுத்தோடு இத்துடன் இருக்கின்றன. பதிவேடு உன்னிடம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுது. தொலைபேசியை நான் எடுக்க மாட்டேன். நான் நகர்த்தினேன் என்று எழுத்தில் சொன்னவன் அதை எழுத்தில்தான் திரும்பப் பெற வேண்டும்.

பூரணம் தில்லையம்பலம்

---

லீட்ஸ்
17 டிசம்பர் 2025
(கூரியர்)

அம்மா,

ஏழு நாளும் பொருந்துகின்றன.

அதீஃபை அழைத்துப் பேசினேன். "கீதன், நான்தான் பூட்டுனேன், நான்தான் தொறந்தேன். லேப்ல வெச்சுப் பார்த்தேன், ரப்பர் பால் கலந்திருக்கு. எங்கிட்ட விளக்கம் கேக்காதீங்க. அம்மாவ அங்கேர்ந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர் பயந்து பேசி இதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஒன்றை உங்களிடம் மறைத்திருந்தேன். பூட்டன் வெள்ளத்தில் போனார் என்று நமக்குத் தெரியும். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது, திதி தெரியாததால் அமாவாசையில்தான் திவசம் கொடுத்தோம். பதிவேட்டில் 1926 டிசம்பர் 23ஆம் தேதியின் நேரே எண் இல்லை. "வழிகிறது. அளக்க இயலவில்லை" என்று மட்டும் இருக்கிறது. அதற்கு அப்புறம் எட்டு வரி வெறுமை. ஜனவரியில் வேறொருவர் கையெழுத்து தொடங்குகிறது.

நான் 23ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு சாங்கியில் இறங்குகிறேன். அன்று இரவுதான் அந்த மழை. அதற்குள் உங்களை லீலா ஆண்டி வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம். முடிந்தால் அதற்கு முன்பே நீங்கள் போய்விடுங்கள். வீட்டுப் பதிவைப் புத்தகத்தில் வைக்கிறேன், முழுதாக வைக்கிறேன். என்ன வேண்டுமோ எழுதித் தருகிறேன். அந்த வீட்டில் மட்டும் இருக்காதீர்கள்.

கீதன்

---

ஓவன் ரோடு
22 டிசம்பர் 2025, திங்கள், பிற்பகல் நான்கு மணி

அன்பு மகன் கீதனுக்கு,

சனியும் ஞாயிறும் எங்கோ கிடந்துவிட்டு உன் கடிதம் இன்று மதியம் வந்தது.

நீ தேதியைக் கணக்கிட்டதில் பிழை இருக்கிறது. போன கடிதத்திலேயே நான் விளக்கியிருக்க வேண்டும். கோபத்தில் விட்டுவிட்டேன், அது என் குற்றம். காலை எட்டு மணிக்கு அளக்கும் மழை முந்தின நாளும் இரவும் பெய்தது. ஆகவே அப்பா அதை முந்தின நாளின் பேரில் எழுதுவார், நானும் அப்படித்தான். பூட்டன் அளந்த நாளின் பேரிலேயே எழுதினார். அப்பா இதை ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருப்பார். நான் எதையும் நகர்த்தவில்லை. உன் கண்ணில் பட்ட அந்த ஒரு நாள் வித்தியாசம் அதுதான்.

ஆகவே 23ஆம் தேதி என்று பூட்டன் எழுதிய மழை 22ஆம் தேதி இரவு பெய்தது. 23 காலை எட்டு மணிக்கு அவர் வழிவதைப் பார்த்தார், எழுதினார், வெள்ளத்தோடு போய்விட்டார். இன்று 22. நீ வந்திறங்கும்போது எட்டு மணி கழிந்து ஏழு மணி நேரம் ஆகியிருக்கும். இதைத் தொலைபேசியில் சொல்லியும் பயனில்லை. நீ விமானத்தைவிட விரைவாக வரப்போவதில்லை.

இப்போது வெளியே நல்ல வெயில். தேக்கா சந்தைக்குப் போய்வந்த அனம் சாலையில் தார் உருகுகிறது என்றாள். வாசலில் நின்றபடியே மூக்கைச் சுளித்தாள்.

"ஆண்டி, உங்க வீட்டுக்குள்ள ஏன் ரப்பர் ஷீட் வாடை?"

"ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், போய்விடும்," என்றேன். அவள் சுவரைப் பார்த்துவிட்டாள். மதியம் முழங்கால் உயரத்தில் ஒரு ஈரக்கோடு இருந்தது. இப்போது இடுப்பு உயரத்தில் இருக்கிறது. தரை காய்ந்தே இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன், செங்காவி.

"பேக்க எடுங்க ஆண்டி. சும்மா ஒரு நைட்லா. லீலா ஆண்டி ரூம் ரெடி பண்ணிட்டாங்களாம்," என்று கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல பெண். பின்னால் அதீஃப் காரை வாசலிலேயே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

நான் போகவில்லை. அப்பாவின் பதிவேடுகள் எல்லாவற்றையும், என்னுடைய எட்டையும், அவர்கள் வீட்டு மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. நாளை காலைக்கான ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த மழையால்தான் பூட்டனின் மனைவி, கைக்குழந்தையாயிருந்த உன் தாத்தாவோடு ரயிலேறிச் சிங்கப்பூருக்கு வந்தாள். அது பெய்திராவிட்டால் நான் உன் அப்பாவைக் கட்டியிருக்க மாட்டேன், நீயும் பிறந்திருக்க மாட்டாய். அதை மறுபடி அளக்கும் வாய்ப்பு எனக்கு வந்திருக்கிறது. எட்டு மணிக்கு நான் அங்கே இல்லாவிட்டால், அளவு எடுக்கப்படாத நாள் என்று ஆகிவிடும். கிழவி எல்லாவற்றையும் கற்பனை செய்தாள் என்று எவனும் எழுதலாம். நீயும் எழுதலாம்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். பொருந்துகின்றன என்று எழுதியிருக்கிறாய். கிளம்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். புத்தகத்தில் வைக்கிறேன் என்று, குழந்தைக்கு மிட்டாய் காட்டுவதுபோல எழுதியிருக்கிறாய். அம்மா, உங்களை நம்புகிறேன் என்று எங்கும் எழுதவில்லை.

அனம் இந்தக் கடிதத்தை விமான நிலையத்தில் உன் கையில் கொடுப்பாள். படித்துவிட்டு வா. வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். நான் உண்மையை எழுதினேன் என்று நம்புகிறாயா, இல்லையா? ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு எனக்குக் கொடு.

அன்புடன்,
அம்மா