பாறையில் உன் முகம்

பெயின்ட் கரைக்கிற தின்னர் வாசனை கையை விட்டுப் போகவில்லை. சோப்பு, சீயக்காய், எலுமிச்சைத் தோல் எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டேன். சோறு பிசைந்தால் சோற்றிலும் அந்த வாசனை. நேற்று உன் முகத்தை அழித்தேன். அதைச் சொல்லவும் உன்னைத் திட்டவும்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு மலைக்கு வர எனக்கு மனம் இல்லை. கீழே கல்லூரி, விடைத்தாள் என்று ஒரு சாக்கு இருந்துகொண்டே இருந்தது. நேற்று முன்தினம்தான் அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறினேன். உன் ஊரில் இறங்கியதும் பெயின்ட் நாற்றம். நாற்றத்தின் பின்னாலேயே போனால், ஊருக்குப் பொதுவான அந்தத் தட்டைப் பாறை. சாமையும் கேழ்வரகும் மிளகும் காயப்போடும் பாறை. அதன் மேல் இப்போது சிவப்பும் நீலமுமாகப் பூக்கள், நடுவில் வட்டமாக உன் முகம். மூக்குத்தி கூட விடவில்லை. சிரிப்பு மட்டும் உன்னுடையது இல்லை.

நன்கொடை வாங்கி ஊரை அழகாக்கப்போகிறேன் என்று நீ அறக்கட்டளை தொடங்கியபோது, நான் நம்பவில்லை. ஒழுங்கான ரோடு இல்லாத ஊருக்குப் பூச்செடி எதற்கு என்று கேட்டேன். "ரோடு வர்ற வரைக்கும் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கோணுமா புள்ள?" என்றாய். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே, உன்னிடம் நான் எந்த வாதத்திலும் ஜெயித்ததில்லை.

முதல் வேலை பஸ் நிறுத்தச் சுவர். நீ தேர்ந்தெடுத்த மஞ்சள் கண்ணைக் குத்தியது. சொன்னேன், நீ கேட்கவில்லை. ஆனால் பிரஷைத் தொடுவதற்கு முன், ஒரு சந்தை நாள் முழுக்க என்னை அங்கே உட்கார வைத்தாய். யார் எங்கே சாய்கிறார்கள், யார் கூடையை எங்கே இறக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இடுப்பு வலித்தது. கடைசியில் தோள் உயரம் வரை சுவரை வெறுமையாகவே விட்டு, அதற்கு மேல்தான் மஞ்சள் பூசச் சொன்னாய். பணம் கொடுத்தவர் காரில் வந்து பார்த்து, "பாதியில நிறுத்திட்டீங்களே" என்றார்.

"அது முதுகுக்கு விட்டதுங்க" என்றாய் நீ.

அவருக்குப் புரியவில்லை. பெஞ்சில் இருந்த பெரியவர்தான் சிரித்தார். "இல்லீன்னா என்ற வேட்டியும் மஞ்சளாயிருக்குமுங்க."

நேற்று முன்தினம் அந்தப் பாறையின் முன்னால் நின்றபோது பாப்பாத்தி அக்காவைத் தேடினேன். உன் பக்கத்து வீட்டு அக்கா. ரோட்டோரம் தார்ப்பாயை விரித்து மிளகு காயப்போட்டிருந்தார். ஒரு லாரி போனால் மிளகின் மேல் ஒரு படலம் புழுதி.

"பாறைக்கு என்ன ஆச்சு அக்கா?"

"பாக்கலீங்களா? அதுல மொகம் இருக்குதுங்களே. செத்தவிய மூஞ்சி மேல மொளகக் கொட்டி, கால்ல கெளறறதுங்களா? அது உசுரோட இருந்திருந்தா, இத எழுதுனவன அந்தப் பாறையிலயே காயப்போட்டிருக்கும்."

பாறையைச் சுற்றி யாரும் மிதிக்கவே இல்லை. நாய் கூட ஓரமாகப் போவதாக எனக்குத் தோன்றியது. அறுவடை நேரத்தில் ஊர் முழுக்க ரோட்டில் காய்கிறது. பாறை உன்னோடு சும்மா கிடக்கிறது. உன்மேல் உள்ள மரியாதைதான் அவர்கள் களத்தைப் பூட்டிவிட்டது.

உன் முகத்தை வரையச் சொன்ன, அறக்கட்டளையின் இப்போதைய தலைவர் அங்கேதான் இருந்தார், அடிவாரத்திலிருந்து வந்து போகும் மனிதர். கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மேல இருந்து ட்ரோன்ல எடுத்தா எப்படி இருக்குமுன்னு பாருங்க மேடம். குடுக்கறவங்களுக்கு எதையாச்சும் காட்டோணுமில்லீங்க?"

"இங்கே ஒருநாள் உட்கார்ந்து பார்த்தீர்களா?"

"எதுக்குங்க? நெழலே இல்லீங்களே."

அவர்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல் வந்த கோபம் பெரிது. முதுகுக்கு விட்டது என்று ஒரு வரியில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவாய். ஏன் என்று இந்த ஆட்களை உட்காரவைத்து ஒரு தடவையாவது சொன்னாயா? எல்லாப் புகைப்படத்திலும் நடுவில் நின்றாய்; உனக்கு அது பிடித்தும் இருந்தது. அவர்கள் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த மஞ்சளையும் படத்தையும்தான். வெறுமையாக விட்ட இடம் யார் கண்ணிலும் படவில்லை.

இரவு பாப்பாத்தி அக்கா வீட்டில் தங்கினேன். காலையில் பெயின்டர்கள் விட்டுப்போன தின்னரையும் கம்பி பிரஷையும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறினேன். உன் நெற்றியில் கால் வைக்க எனக்கும் கூசத்தான் செய்தது. பகுத்தறிவு பேசுகிறவள்தான்; இருந்தும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். தேய்த்தேன். மூக்குத்தி போனது. சிரிப்பு போனது. பெண்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள், யாரும் மேலே வரவில்லை.

"கண்ணு ரெண்டும் போயிருச்சுங்களா?" என்று பாப்பாத்தி அக்கா கேட்டார்.

"போய்விட்டது அக்கா."

அதன் பிறகுதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். பின்னாலேயே மற்றவர்கள், ஆளுக்கொரு தேங்காய் நாரோடு. பூக்கள் இன்னும் மிச்சம். தின்னர் நாற்றம் போக ஒரு நல்ல மழை வேண்டும். இந்த முறை மிளகு ரோட்டில்தான் காயும். அந்தக் கோபம் எனக்கு ஆறாது.

பஸ்ஸில் மலையிறங்கிக்கொண்டிருந்தபோது தலைவர் போன் செய்தார்.

"பாறையில அம்மா படத்த அழிச்சுப்போட்டாங்களாம் மேடம். யாருன்னு தெரியுங்களா?"

"நான்தான்."

"நீங்களே இப்பிடிச் செய்யலாமுங்களா? அந்த எடத்த இப்ப எதுக்கு வெறுமையா விட்டீங்க?"

இத்தனை வருடம் உன் பேச்சை ஒருநாளும் நான் பேசியதில்லை. நேற்று அது தானாக வந்தது, உன் இழுவையோடு.

"அது காலுக்கு விட்டதுங்க" என்றேன். அடுத்த சந்தை நாளில் அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், பாறைப் பக்கம் உட்கார. குடை கொண்டுவரச் சொன்னேன்.