ஊறப்போட்ட வள்ளம்

கொக்கிளாய், 1980 புரட்டாதி, வெள்ளி இரவு

நேற்று என் வள்ளத்தை நானே கடலோரக் களப்புத் தண்ணீரில் மூழ்கடித்தேன். வெயிலில் காய்ந்து கிடந்த பலகைகள் தண்ணீரில் ஊறிப் பருத்தால்தான் இடுக்குகள் மூடும். கரையில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் சிரித்தார்கள். ஊறப்போடும் முன்னே சாயம் பூசிவிட்டேனாம்; ஊறினால் அது உரிந்துபோகுமாம். அவசரம்தான், வேறென்ன!

"வெளியிலை தலைகாட்ட ஏலாமல் கிடக்கு" என்று மனைவி பொன்மலர் குசினிக்குள் அடுப்படியிலேயே இருந்துவிட்டாள்.

இன்று பின்னேரம், வள்ளத்தைத் தாழ்த்த அயலவன் செல்லத்துரையிடம் இரவல் வாங்கி ஏற்றிய கற்களை இறக்கி, தண்ணீரை இறைத்துப் பார்த்தேன். பழைய பலகைகள் எல்லாம் இறுகிவிட்டன. நான் புதிதாகப் போட்ட ஒன்றுதான் கசிகிறது. அதுவும் ஊற வேண்டும். ஆனால் கற்களைக் கிணறு கட்டவென்று செல்லத்துரை திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பாரம் இல்லாமல் வள்ளம் தாழாது. இந்த மணலில் கல்லுக்கு எங்கே போவது?

வள்ளத்திலேயே குந்தியிருந்தேன். பொன்மலர் வந்து பலகைகளைத் தடவிப் பார்த்தாள்.

"மற்றதெல்லாம் இறுகீட்டுதே. பிறகேன் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறியள்? வாங்கோ, ஒரு பக்கம் பிடியுங்கோ."

கரையே பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் அம்மியையும் பிறகு ஆட்டுக்கல்லையும் அவளும் நானும் சுமந்து போய் வள்ளத்தில் ஏற்றினோம். மெல்லத் தாழ்ந்தது. யாரும் சிரித்தார்களோ தெரியாது. அவள் சிரித்தாள்.

மாரி தொடங்குமுன் ஊறிவிட்டால் போதும். இனி வள்ளம் மிதந்தால்தான் இந்த வீட்டில் தோசையும் சம்பலும்.