அண்ணையின் இரும்புக் கைத்துப்பாக்கி

11.03.2006, சனி

இன்றும் சுடுதளத்தில் அண்ணையின் பிரசங்கம். அவருடைய இரும்புக் கைத்துப்பாக்கிதான் துப்பாக்கியாம். என்னுடைய பிளாஸ்டிக் உடம்புக்காரன் விளையாட்டுச் சாமானாம். இரண்டிலும் சுட்டிருக்கிறேன். அவருடையது வெறும் பாரம். முதல் குண்டுக்கு விசையை இழுத்தே விரல் நோகும். என்னுடையது லேசாக இழுத்தாலே சுடும்.

அவர் குண்டு நிரப்பிக் குறிபார்த்தார். காதுக்கவசம் போட மறந்திருந்தார். அதை நினைவூட்ட "அண்ணை" என்று கூப்பிட்டேன். கோயில் வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல, மரியாதையாக, முழு உடம்போடும் திரும்பினார். விரல் விசையில், குழல் என் வயிற்றுக்கு நேரே. வெடிக்கவில்லை. மேற்பார்வையாளர் துப்பாக்கியைப் பறித்துவிட்டு இருவரையும் வெளியேற்றினார்.

காரில் அண்ணை சிரித்தார். "என்ரை கையிலை உன்ரை பிளாஸ்டிக் இருந்திருந்தால், இப்ப உன்ரை செத்தவீடு சொல்லிக்கொண்டு திரிஞ்சிருப்பன்."

முட்டாள். சொன்னது சரி. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.