மூடிக்குப் பொட்டு வைத்த மாமாவுக்கு

என் ஆசை மாமா,

ரம்பச் சத்தம் கேட்காமல் அங்கே உனக்குத் தூக்கம் வருகிறதா? இங்கே பட்டறையைத் திறந்துவிட்டோம். மிஷினை விற்றுவிடச் சொல்லி, பாகாலாவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்கா யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது மிஷினில் நிற்பது உன் பெண்டாட்டிதான். புடவைக்கு மேல் உன் சட்டை, முழங்கைக்கு மேல் மடித்த கை, இறுக்கிச் செருகிய முந்தானை. பார்த்தால் உனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும்.

நீ இருந்தபோது உன் பெருமையை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "போடா, போய் டீ சொல்லு" என்று துரத்தியிருப்பாய். உன்னைக் கிடத்தியிருந்த அன்று வந்த ஆசாரிகள், மாலையைப் போட்டுவிட்டு உன் கையைத்தான் பார்த்தார்கள். பத்து விரலும் முழுசாக இருந்தன. காலமெல்லாம் ரம்பத்தில் நின்ற ஆளுக்கு அது சும்மா வருமா? ஒருத்தர் தன் பாதி விரலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

நீ இல்லாத முதல் ஆயுத பூசையும் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் செய்வதுபோல நம் சித்தப்பா பிளேடின் மேல்மூடியைக் கழற்றினார். அறுத்த மரம் பிளேடைக் கவ்வித் திருப்பி அடிக்காமல் பிளேடுக்குப் பின்னால் நிற்குமே, அந்தத் தகட்டையும் கழற்றினார். பிளேடுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார். நீ மட்டும்தான் மூடிக்கும் தகட்டுக்கும் தள்ளுகிற குச்சிக்கும் பொட்டு வைப்பாய். "பூச போடலன்னாலும் பிளேடு வெட்டும்டா. காப்பாத்துறதுக்குப் போடு" என்பாய். எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்!

மறுநாள் காலை புத்தூர்க்காரர் ஒருவர் வாசக்கால் கட்டைகளோடு வந்து இறங்கினார். நீ போன பிறகு எங்களை நம்பி வந்த முதல் பெரிய வேலை. அது கைநழுவினால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"தொந்தரகா கானியம்மா, சீக்கிரம்! ராகுகாலம் வந்துக்கினு கீது. அதுக்குள்ள மொத கட்டைய அறுத்துடு" என்று அவர் பறந்தார்.

அக்கா மூடியைத் தேடினாள். சித்தப்பா குறுக்கே வந்தார். "பொட்டு வெச்ச பிளேட மூடாதம்மா, சாமி குத்தம். ஒரே ஒரு கட்டதான, அப்படியே உட்டுடு."

அக்கா முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். மாலையை அறுத்தாள், தகட்டையும் மூடியையும் பொருத்த உட்கார்ந்துவிட்டாள்.

"நேரம் போவுது! நான் திருப்பதியிலயே அறுத்துக்கறேன்" என்றார் புத்தூர்க்காரர்.

"போறதுன்னா போங்க. எங்க வீட்டுக்காரரு இருந்தா இன்னா செய்வாரோ, அதான் நானும் செய்றேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் போகவில்லை. ராகுகாலம் முடியும்வரை எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அக்கா பிளேடுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று மிஷினைப் போட்டாள். வேடிக்கை பார்க்க அந்த மனிதர் அக்காவுக்குப் பின்னால், பிளேடுக்கு நேரே வந்து நின்றார். "தள்ளி நில்லுங்க, கட்ட திருப்பி அடிச்சா அங்கதான் வரும்" என்று அக்கா அதட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

பாதி அறுத்ததும் மரம் முனகியது. அறுத்த இரண்டு பக்கமும் நெருங்கி வந்து தகட்டைக் கவ்விக்கொண்டன. தகடு அசையவில்லை. அக்கா அவசரப்படாமல் குச்சியால் தள்ளி முடித்தாள்.

"இந்தத் தகடு இல்லன்னா?" என்றார் புத்தூர்க்காரர். சித்தப்பா மெல்லக் குங்குமக் கிண்ணத்தை எடுக்கப் போனார்.

அக்கா சுவிட்சை அணைத்தாள். பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த மரத்துண்டை எடுக்கப்போன புத்தூர்க்காரர் கையை அக்கா பிடித்துக்கொண்டாள். "நிக்கட்டுங்க" என்றாள். நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாதவள் மாமா, பிளேடு முழுசாக நின்ற பிறகு, உன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

எத்தனை வேலை காத்திருந்தாலும் சரி, எந்த நல்ல நேரம் போனாலும் சரி, கண்ணில் தண்ணீரோடு அவளை மிஷின் பக்கம் விடமாட்டேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்குத் தம்பி,
உன் மச்சான் குமார்