சவ வண்டிக்குக் கார்பன் கவர்

மார்ச் 2, வியாழன்

காலையில் ஒரு அடக்கம், மழையோடு. சவ வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, பழைய சிநேகிதன் மேனஸ் வீட்டுக்குப் போனேன். அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய். கோடை வரை தாங்குவான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடம்பு பாதியாகிவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை.

மேசை மேல் ஒரு பெட்டி. உள்ளே, டிரைவர் பின்னால் பார்க்கும் பக்கவாட்டுக் கண்ணாடிகளின் முதுகில் ஒட்டும் இரண்டு கவர்கள், கார்பன் ஃபைபரில். கறுப்பு, பாய் பின்னியது போலக் கோடு, பளபளவென்று.

"எந்த வண்டிக்குடா இது?"

"உன் சவ வண்டிக்குத்தான். என்னை ஏத்திட்டுப் போற வண்டி ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கக் கூடாது, டிம்ப்னா. முப்பது வருஷம் ராலி கார்ப் பந்தயம் ஓட்டினவன் நான்."

அப்பா மரியாதையாக நடத்தி, மகள் என் கையில் கொடுத்த தொழில். அயர்லாந்தில், அதுவும் இந்த டோனிகாலில், எவனாவது சவ வண்டிக்கு அலங்காரம் பண்ணுவானா? முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 3

மாட்டித் தொலைக்கிறேன். வேறென்ன செய்ய?

மார்ச் 6

பெட்ரோல் பங்கில் ஃபெர்கலைப் பார்த்தேன். மேனஸின் தம்பி. அண்ணன் வீட்டிலிருந்து இரண்டே மைல், பதினோரு வருடமாகப் பேச்சில்லை. பந்தயத்தில் கால் ஒடிந்து மேனஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இருவரும் சேர்ந்து கட்டிய எஸ்கார்ட் பந்தயக் காரை ஃபெர்கல் கேட்காமல் விற்றுவிட்டான். அண்ணன் மறுபடி ஓட்டிச் செத்துப்போவான் என்ற பயம்தான். அதை வாயைத் திறந்து சொன்னால்தானே?

"ஒரு எட்டு போய்ப் பாரேன்" என்றேன்.

"அவன் கூப்பிடட்டும்."

"வரணும்னா அவனா வரட்டும்" என்கிறான் மேனஸ். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு கழுதைகள். பேசாமலே மேனஸ் போய்விட்டால் இந்த ஃபெர்கல் மிச்ச நாளை எப்படித் தள்ளுவான்? எத்தனை அடக்கத்தில் பார்த்திருக்கிறேன், கல்லறை ஓரத்தில் நின்று தாமதமாக அழுகிறவர்களை. இவர்களுக்கு அது வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

மார்ச் 11, சனி

மழை இல்லை. மேனஸால் வர முடியாது என்பதால் வண்டியை அவன் முற்றத்துக்கே ஓட்டிப் போனேன். நாற்காலியில், போர்வைக்குள், கையில் ஹேர் டிரையரோடு துரை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

ஸ்பிரிட்டால் மூன்று தடவை துடைக்க வைத்தான். கண்ணாடியின் முதுகையும் கவரையும் சூடு பண்ணினான். குளிரில் ஒட்டு நாடா பிடிக்காதாம். நாடாவின் தாளை உரிக்கும் முன் வைத்து வைத்துப் பார்த்ததிலேயே அரை மணி போனது.

"இடது பக்கம் ஒரு மயிரிழை கீழ. ரெண்டு பக்கமும் கோடு ஒத்துப் போகணும்."

"யாருடா அதையெல்லாம் பாக்கப் போறா?"

"எவனாவது ஒருத்தன் பாப்பான். அவனுக்காகத்தான்."

ஒட்டியதும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் அழுத்திய பக்கத்தைப் பிறகு நானும் ஒருமுறை அழுத்தினேன். இருபது வயதிலிருந்து எனக்கு இவனைப் பிடிக்கும். இவனிடம் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன், போதும்.

பசை இறுக ஒரு நாள் முழுக்க வண்டியை அசைக்கக் கூடாதாம். அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வந்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு —

ஊரே அந்த வழியாகத்தான் சர்ச்சுக்கு ஞாயிறு பூசைக்குப் போகிறது. மேனஸ் வாசலில் சவ வண்டி. ஊர் என்ன நினைக்கும்? முதலில் எதிர்வீட்டு பெர்னி, சாவு வீட்டுக்கென்று இரண்டு தட்டு சாண்ட்விச்சோடு அழுதுகொண்டே நுழைந்திருக்கிறாள். அவன் அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தானாம். ஒரு தட்டு தரையில். பின்னாலேயே இருபது பேர், செத்தவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் அட்டையும் கேக்குமாக. அவனுக்கோ ஒரே கொண்டாட்டம். "வாங்க, உக்காருங்க. நல்ல மனுஷன், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

விஷயம் தெரிந்து வண்டியை எடுக்க ஓடினேன். அப்போது ஃபெர்கல் வந்தான். கறுப்பு கோட்டு, கோணல் டை. என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டான். பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன்.

மேனஸ் கையில் கடித்த சாண்ட்விச். ஃபெர்கல் முகமெல்லாம் ஈரம்.

"சாகலையாடா நீ?"

"இன்னும் இல்ல. உக்காரு. ஹாம் நல்லாருக்கு."

"நாயே" என்றான் ஃபெர்கல். "நாயே. நாயே." நாற்காலியில் விழுந்து, மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். மேனஸ் அவன் தலைமேல் கையை வைத்தான். எடுக்கவில்லை.

ஒவ்வொருவராக நழுவினார்கள். நானும்தான். வண்டியைத் தொடவில்லை.

மார்ச் 13

வண்டியை எடுக்கப் போனேன். எஸ்கார்ட்டைப் பற்றி இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாடா.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

ஃபெர்கல் அங்கேயே தங்கிவிட்டான். சோபாவில் படுக்கை. போன வாரம் ஒரு அடக்கத்தில் கிழவர் ஒருவர் கண்ணாடிக் கவரைத் தடவிப் பார்த்து, "அசல் கார்பனா?" என்று காதோரம் கேட்டார். மேனஸிடம் சொன்னேன். வயிறு வலிக்கிறது என்று கெஞ்சும்வரை சிரித்தான்.

மே 20

மேனஸால் எழுந்து உட்கார முடியவில்லை. ஃபெர்கல்தான் சவரம் செய்துவிடுகிறான். கன்னத்தில் இரண்டு வெட்டு. "இந்தக் கையை நம்பியா எஸ்கார்ட் இஞ்சினைக் கொடுத்தேன்?" என்று திட்டு வாங்கிக்கொண்டே செய்கிறான்.

ஜூன் 14

காலை ஏழு மணிக்கு ஃபெர்கல் போனில் கூப்பிட்டான். "அண்ணன் போயிட்டான், டிம்ப்னா. கையைப் பிடிச்சுட்டேதான் இருந்தேன்."

வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அழுதேன். முற்றத்தில் நிறுத்தியபோது பெர்னி எதிரே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் சிரித்துக் கையாட்டினாள்.

"இந்தத் தடவை என்ன ஒட்டப் போறீங்க?"

கதவு திறந்தது. ஃபெர்கல் படியில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினான்.

பெர்னியின் கை அப்படியே நின்றது. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, சாலையைக் கடந்து, நேராக அவனிடம் போய் அவன் கையைப் பிடித்தாள்.