அறுபத்திரண்டு பெயர்கள்

1973 நவம்பர் 12, திங்கள்

விடாத மழை. பிள்ளைகளில் பாதிப் பேர் தொப்பலாக நனைந்து வந்தார்கள். பிரேயரை வராந்தாவிலேயே முடித்தேன்.

முதல் பீரியட் முடிந்ததும் ஜானு டீச்சர் என் அறைக்கு வந்து ஒரு தாளை மேஜையில் வைத்தார். பதினோராம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சையில் தேறாத பதினாலு பேர். "வழக்கமா நவம்பர்ல பண்றதுதானே? அம்மாக்களுக்குச் சொல்லி அனுப்பிடட்டுமா?" என்றார். கணக்கு டீச்சர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆறு வருஷமாக இங்கே நடப்பதைத்தான் கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் டிசம்பரில் போக வேண்டும். அதற்கு முன்னால், தேறமாட்டாள் என்று படுகிற பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, "மேற்கொண்டு படிக்க வைக்க விருப்பமில்லை, டி.சி. கொடுத்துவிடவும்" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்வோம். மிச்சம் இருப்பவர்கள் எழுதுவார்கள், அத்தனை பேரும் பாஸ். வாசலில் "நூற்றுக்கு நூறு" என்று போர்டு, வருஷா வருஷம் புதுப் பெயிண்ட்.

அந்தக் கடிதங்களை எழுதியது யார்? நான்தான். தமிழ் டீச்சர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் தள்ளிவிடுவார். நான் எழுதுவேன், அம்மாக்கள் கைநாட்டு வைப்பார்கள். இந்த ஜூனிலிருந்து அவருடைய நாற்காலியில் நான், தற்காலிகமாக. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல ஜானு டீச்சர் பார்த்துவிட்டுப் போனார்.

நவம்பர் 13

தாள் டிராயரில் இருக்கிறது. நான் டிராயரைத் திறக்கவில்லை.

நவம்பர் 15, வியாழன்

ஜானு டீச்சர் எனக்காகக் காத்திருக்கவில்லை. சொல்லி அனுப்பிவிட்டார். முதலில் வந்தது கெங்கம்மா. மயிலாப்பூர் தெருக்களில் மீன் விற்கிறவள். குப்பத்திலிருந்து வருகிற தேசம்மாவின் அம்மா. கூடையை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, என் அறைக்குள் வந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த தபா கைநாட்டு வைக்க மாட்டேன் டீச்சர். இன்னா வேணா பண்ணிக்கோ."

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மூணு வருஷம் முன்ன பெரியவளுக்கு வச்சேன். நீதான் கடுதாசி எழுதுன. இன்னான்னு கேட்டேன். 'பரீட்சை விஷயமா, வைம்மா'ன்ன. வச்சேன். அவளுக்குத் தெரிஞ்சிகீது, எங்கிட்ட சொல்லல. பரீட்சை நடந்த அத்தினி நாளும் யூனிபாரம் போட்டுகினு, தலை வாரிகினு, காலைல போய் பீச்சு சமாதியாண்ட உக்காந்துட்டு சாயங்காலம் வந்துகீறா. நானு டெய்லி சாமி கும்ட்டு அனுப்புறேன். பேப்பர்ல நம்பர் பாக்கணும், நம்பர சொல்லுடின்னு கேட்டப்பதான் அழுவுறா."

"பரீட்சை விஷயமா" என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். முழுசாகப் படித்துக் காட்டினால் கேள்வி கேட்பார்கள், நேரமாகும், வரிசையில் இன்னும் நாலு பேர் நிற்பார்கள். சே! என்ன ஜென்மம் நான்.

"வைக்க வேணாம். உன் பொண்ணு பரீட்சை எழுதுவா" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பதே உறைத்தது. அவள் நம்பவில்லை. "எழுதிக் குடு" என்றாள். எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 17, சனி

ஆசிரியர் கூட்டம். இந்த வருஷம் யாருக்கும் டி.சி. இல்லை, அறுபத்திரண்டு பேரும் எழுதுவார்கள் என்றேன்.

ஜானு டீச்சர்தான் எழுந்தார். "தங்கபுஷ்பம், நன்னா யோசிச்சேளா? பேப்பர்ல நம்பர் வரலேன்னா தெருவே துக்கம் விசாரிக்க வரும். பொண்ணு மூலையில உக்காந்துண்டு அழும். இப்பவே டி.சி. வாங்கிண்டு போனா கௌரவமா நின்னுட்டாள்னு இருக்கும். நாம அவாளுக்கு நல்லதுதான் பண்றோம்."

"யாருக்கு நல்லது? அவளுக்கா, போர்டுக்கா?" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார், நானும் ஆறு வருஷம் நம்பிக்கொண்டுதானே இருந்தேன். சாயங்காலம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். போய்விட்டிருந்தார்.

நவம்பர் 22, வியாழன்

கரஸ்பாண்டன்ட் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். தி. நகரில் அவருடைய ஜவுளிக்கடை மாடி. சண்முகசுந்தரம் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஊரிலிருந்து எங்கள் ஜனம் பிழைக்க வந்தபோது, பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று நாலு பேரைச் சேர்த்துக் கட்டியவர். எனக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். காப்பி வந்தது. குடிக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணுதீங்க? அந்தப் போர்டப் பாத்துத்தான் ஊரே பிள்ளையக் கொண்டாந்து சேக்குது. அது இறங்கிச்சுன்னா நாளைக்கு எவன் வருவான்?"

"அண்ணாச்சி, அந்தப் போர்டு பொய்தானே?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு, "உங்க பேரு இன்னும் தற்காலிகம்தான். மே மாசம் கமிட்டி கூடும். ரிசல்ட்ட வச்சித்தான் பேசுவாங்க. நான் ஒத்தையா நின்னு உங்களத் தாங்க முடியாது, பாத்துக்கிடுங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மாம்பலம் திரும்பி இவரிடம் சொன்னேன். "உனக்கு வீம்பு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தெரியும். சாப்பிட வா" என்றார். அவ்வளவுதான் தனபாலன்.

நவம்பர் 28, புதன்

பதினாலு பேருடைய கணக்கு நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். எங்கே தப்புப் போடுகிறார்கள் என்று பார்க்கத்தான் வாங்கினேன். தப்பு நிறையவே இருந்தது. இல்லாமல் போனது சிவப்பு மை. ஜூனில் இரண்டு பக்கம், ஜூலையில் ஒன்று. அதற்கப்புறம் யாரும் திருத்தவே இல்லை. மற்ற நாற்பத்தெட்டில் ஐந்தாறு நோட்டு எடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு.

அவசரப்பட்டு ஜானு டீச்சர்மேல் பாயவில்லை. என்னுடைய தமிழ்க் கட்டுரை நோட்டுகளையும் எடுத்துவரச் சொன்னேன். அதே கதை. தேசம்மாவின் நோட்டில் ஆகஸ்டுக்குப் பிறகு நான் ஒரு கோடு போடவில்லை. எப்படியும் போகப் போகிறவள்தானே என்று கை தானாகவே நின்றிருக்கிறது. நவம்பரில் அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஜூலையிலேயே அனுப்பிவிட்டிருக்கிறோம்.

ஜானு டீச்சரைக் கூப்பிட்டு இரண்டு அடுக்கையும் காட்டினேன், முதலில் என்னுடையதை. புரட்டினார். வஜீஹாவின் நோட்டில் நின்றார். ராயப்பேட்டையிலிருந்து வருகிற பெண், வாயே திறக்காது. ஒரு கணக்கை ஒரே தப்போடு பதினோரு தடவை போட்டு வைத்திருந்தது. "ஒரு தடவை சொல்லியிருந்தா போறுமே..." என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 12, புதன்

பட்டியலில் அறுபத்திரண்டு பெயர். கையெழுத்துப் போட்டேன்.

1974 ஜனவரி 18, வெள்ளி

காலை எட்டு மணி வகுப்பு நடக்கிறது. கணக்கு ஜானு டீச்சர், தமிழ் நான். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் வந்தார். "ஆத்துல மாமியார் கத்தறார், காலம்பற சமையலுக்கு ஆள் இல்லேன்னு. கத்தட்டும்" என்றார்.

ஆனால் இன்று நான் பண்ணினது! தேசம்மா இந்த மாசத்தில் நாலாம் முறையாக லேட். அரை மணி நேரம். "உனக்காக நான் என் வேலையைப் பணயம் வச்சிருக்கேன், உனக்கு நேரத்துக்கு வர வலிக்குதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டது.

அவளுக்காகவா பணயம் வைத்தேன்? அவள் கேட்டாளா? பெரிய தியாகி மாதிரி பேசியிருக்கிறேன். வாயை அடக்கத் தெரியாதவளுக்கு எதற்கு ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தியோகம்.

ஜனவரி 22, செவ்வாய்

தேசம்மா வரவில்லை. நேற்றும் இல்லை. பள்ளி விட்டதும் குப்பத்துக்குப் போனேன். வழி கேட்டபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி என்ற பெரியவர், "ஸ்கூல் அம்மாவா? அடி குடுக்க வந்துகீறியா, வாங்க வந்துகீறியா?" என்று கேட்டுவிட்டு வீட்டைக் காட்டினார். சேதி அதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கிறது.

கெங்கம்மா மண்ணெண்ணெய் க்யூவில் நிற்கப் போயிருந்தாள். தேசம்மா தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று. "நான் பேசினது தப்பு" என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "காலைல கரையில மீன் எடுத்துக் குடுத்துட்டு, தம்பிய ரெடி பண்ணிட்டுத்தான் டீச்சர் வர முடியும். எட்டு மணிக்கு முடியாது. எட்டரைன்னா முடியும்" என்றாள்.

இத்தனை நாள் எட்டரைக்கு முடியுமா என்று யாராவது கேட்டோமா? வகுப்பை எட்டரைக்கு மாற்றினேன். ஜானு டீச்சருடைய மாமியாரும் சந்தோஷப்படுவாள்.

ஜனவரி 23

வந்தாள். எட்டு இருபத்தைந்துக்கே.

மார்ச் 25, திங்கள்

பரீட்சை தொடங்கியது. அறுபத்திரண்டு பேரும் உள்ளே போனார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக எண்ணினேன். கெங்கம்மா கேட்டுக்கு வெளியே, மகள் உள்ளே போய் உட்கார்ந்தது ஜன்னல் வழியாகத் தெரிகிறவரை நின்றாள். அப்புறம்தான் கூடையைத் தூக்கினாள்.

மே 29, புதன்

ரிசல்ட்.

பேப்பரை வராந்தாவில் விரித்து, ஜானு டீச்சர் நம்பர் வாசிக்க நான் பென்சிலால் கோடு போட்டேன். ஐம்பத்தேழு பாஸ். பதினாலில் ஒன்பது பேர் தேறிவிட்டார்கள், வஜீஹா உட்பட. ஐந்து பேர் இல்லை.

தேசம்மா இல்லை. கணக்காகத்தான் இருக்கும்.

மூன்று தடவை பார்த்தேன். முந்தின நம்பர் இருக்கிறது, அடுத்த நம்பர் இருக்கிறது. ஜானு டீச்சர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக் கீழே வைத்தார். அழுதேன். வெட்கம் என்ன, வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மத்தியானம் அம்மாவும் மகளும் வந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் கெங்கம்மா, "கணக்குல பூட்டுச்சாம். மத்ததுலாம் பாஸாம். தமிழ்ல ஐம்பத்தாறு வரும்னு இவளே சொல்றா" என்றாள். மகளுக்கு முகம் வீங்கியிருந்தது, ஆனால் தலை குனியவில்லை. "அக்டோபர் பரீட்சைக்கு பாரம் எப்போ வரும் டீச்சர்?" என்று கேட்டாள்.

ஜூன் 8, சனி

கமிட்டிக் கடிதம் வந்தது. தங்கபுஷ்பம் தமிழ் ஆசிரியையாகத் தொடர்வார். தலைமை ஆசிரியை பொறுப்பு ஜானகி அம்மாளுக்கு. அண்ணாச்சி கையெழுத்து. ஓரத்தில் தன் கைப்பட, "மனசுல வச்சிக்கிடாதீங்கம்மா" என்று எழுதியிருக்கிறார்.

வைத்துக்கொள்ளத்தான் செய்வேன். வலிக்கிறது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. இவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "வாயேன், வடபழனி கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்றார். போனோம். ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. வாசலில் போர்டு புதுப் பெயிண்டோடு நிற்கிறது: தொண்ணூற்று இரண்டு சதவீதம். அண்ணாச்சி பெயிண்டரைப் பக்கத்தில் நின்றே எழுத வைத்தார் என்று வாட்ச்மேன் சொன்னான். அதைத் தாண்டித்தான் எல்லா அம்மாக்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பதினோராம் வகுப்பில் இந்த வருஷம் எழுபத்தொன்று.

ஸ்டாஃப் ரூமில் என் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜானு டீச்சர் - இனி ஹெட்மிஸ்ட்ரஸ் - டைம்டேபிளோடு வந்தார். என் பக்கம் சரியாகப் பார்க்கவில்லை.

"தோத்த அஞ்சு பேரும் அக்டோபர் எழுதறா. எட்டரைக்குக் கிளாஸ், நாளைலேர்ந்து. கணக்கு நான். தமிழ்ல அவா பாஸ்தான், ஆனா இந்த வருஷப் பதினோராம் வகுப்புல எழுதவே வராததுகள் ஒரு எட்டு பேர் இருக்கு. அதுகளையும் அப்பவே வரச் சொல்லியிருக்கேன், அது உங்களுக்கு. ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ."

இல்லை என்றேன். அவர் திரும்பினார். எனக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன்: "டீச்சர், நவம்பர்ல அந்த லிஸ்ட்?"

"எந்த லிஸ்ட்?" என்றார்.

"அண்ணாச்சி கேப்பாரே."

"கேக்கட்டும். போன வருஷம் நீங்க முடியாதுன்னேள். இந்த வருஷம் நான் சொல்றேன். ரெண்டாம் தடவையும் முடியாதுன்னு கேட்டா அவருக்கும் பழகிடும்."

டைம்டேபிளை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். எட்டரைக்கு எதிரே என் பெயர் சிவப்பு மையில் இருந்தது. நாளைக்கு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.