குழுவில் எனக்கும் ஓர் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இரண்டு வாரம் யோசித்து, அறைத்தோழர்கள் இருவரையும் கலந்தாலோசித்து, மீசையை எடுத்துவிடுவதென முடிவு செய்துவிட்டேன். காலம் மாறும்போது மனிதன் சும்மா இருக்கலாகாது.

அலுவலகத்திலும் அதே எண்ணம்தான். வரப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே அறிய ஒரு குழு போட்டு, ஐந்து வருடத்தில் அவரவர் வேலை எப்படி இருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். பதினோரு பேர் தாங்கள் மேலாளராகியிருப்போம் என்று எழுதினார்கள். ரசீது சரிபார்க்கும் என் வேலையை இயந்திரம் செய்துகொண்டிருக்கும் என்று நான் எழுதினேன்.

"கேட்டா உண்மையையே எழுதிடுவியாய்யா?" என்று பக்கத்து மேசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மேலாளரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க ஒருத்தருக்குத்தாங்க எதிர்காலம் தெரிஞ்சிருக்கு. அஞ்சு வருஷம் எதுக்குக் காத்திருக்கணும்?" என்று சொல்லி, என்னையும் குழுவில் சேர்த்துவிட்டார். முன்யோசனைக்கு இங்கே மதிப்பு உண்டு. கவலைப்பட வேண்டாம்.

என் பழைய தலையணை உறையை அனுப்பி வையுங்கள். துவைக்க வேண்டாம். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகன்

பி.கு.: திங்கட்கிழமை என் மேசைக்கு இயந்திரம் வருகிறது. குழு வருடத்துக்கு இருமுறை கூடும்.